கூலிக்காரன் விழுங்கும் மாத்திரை

நடவுக் காலத்தில் ஒருநாள் அந்தி வேளையில் சிதம்பரம் பஸ் நிலையத்தை ஒட்டிய தெருக்களிலோ, புவனகிரிக் கடைத்தெருவிலோ, காட்டுமன்னார்கோயிலிலோ அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். சேறு உலராத பாதங்களோடு வண்டியிலிருந்து இறங்கும் பெண்கள் வீட்டிற்குப் போகும் முன் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். "உடம்பு வலிக்கு நாலு வேளைக்குக் குடுங்கண்ணே" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் பட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று காகித உறையில் போட்டு நீட்டுகிறார். இதற்கு 'செட்' என்று பெயர். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பாரில்லை. ரசீது கொடுப்பாரில்லை. வாங்குகிறவருக்குத் தாம் விழுங்குவது இன்னதென்று தெரியாது. நறுக்கிய துண்டில் மருந்தின் பெயரும் இராது, காலாவதித் தேதியும் இராது.

உறைக்குள் இருப்பது பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரைகளில் ஒன்று. அது வயிற்றைப் புண்ணாக்கும் என்பதற்காகக் 'கேஸ் மாத்திரை' ஒன்று. சில கடைகளில் சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை ஒன்றும் சேரும்; அது ஸ்டீராய்டு. மறுநாள் காலையில் வலி பறந்துவிடுகிறது. அந்த அம்மாள் மறுபடியும் குனிந்து நாற்று நடுகிறாள். மாலையில் மறுபடியும் உறை. இப்படி ஒரு பருவமல்ல, பத்துப் பதினைந்து ஆண்டுகள் நடக்கிறது.

இதைப்பற்றி எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். நாம் வக்கீல் தொழிலையும் அடியோடு விட்டவரல்லர். சில காலத்திற்கு முன் ஒரு கிரயப் பத்திரத்தின் நகல் நமது மேஜைக்கு வந்தது. புவனகிரிப் பக்கத்தில் எழுபது சென்ட் நன்செய். குடும்பத்திற்கு இருந்தது அவ்வளவுதான். கிரயப் பத்திரங்களில் "குடும்ப அவசியச் செலவுக்காக" என்று எழுதுவது வழக்கம். எழுதி எழுதி அந்தச் சொல்லுக்கு அர்த்தமே தேய்ந்துபோய்விட்டது. இன்ன அவசியம் என்று கேட்டோம். நாற்பத்திரண்டு வயது மகனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. வாரத்திற்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார் கிழவர். சர்க்கார் காப்புறுதித் திட்டத்தில் டயாலிசிஸுக்குக் கட்டணமில்லை. ஆனால் போக்குவரத்துக்கும், உடன் வருகிறவரின் கூலி நஷ்டத்திற்கும், மற்ற மருந்துக்கும், சம்பாதிக்கிற கை படுத்துவிட்ட வீட்டின் அடுப்புக்கும் எந்தத் திட்டமும் இல்லை. மகனுக்குச் சர்க்கரை வியாதியில்லை, ரத்த அழுத்தமும் முன்பு இருந்ததில்லை. கரும்பு வெட்டிய காலத்தில் இடுப்பு வலிக்கு மாத்திரை போடாத நாள் குறைவு என்று கிழவர் தாமாகவே சொன்னார். மாத்திரைதான் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்லமாட்டோம். அதைச் சொல்லும் தகுதி டாக்டருக்குத்தான் உண்டு. அவருக்குங்கூட அது எளிதன்று. ஆனால் அந்தப் பத்திரத்தைப் பார்த்த பிறகு அந்தக் காகித உறையைச் சாதாரண விஷயமாக நம்மால் எண்ண முடியவில்லை.

நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று சொன்ன அவயவத்தின் வேலை சாமானியமன்று. இருதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டுக்கும் போகிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஏறக்குறைய அனைத்தையும் ரத்தத்திற்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. உடம்பில் நீர் குறையும்போது இந்த வடிகட்டிகளுக்கு வரும் ரத்தமும் குறைய வேண்டும். குறைந்துவிடாமல் வாய்க்கால் மடையைத் திறந்து வைத்திருப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற ஒருவகைப் பொருள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரினும் அதன் இனத்து மருந்துகளும் இப்பொருள் உண்டாவதைத் தடுத்தே வலியைப் போக்குகின்றன என்பதை 1971-ல் ஜான் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டறிந்தார்; 1982-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வலியை நிறுத்துகிற அதே கை சிறுநீரகத்தின் மடையையும் மூடிவிடுகிறது. விஷயம் இவ்வளவுதான்.

நிழலில் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கிறவர், வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறவர், பல்வலிக்கு இரண்டு நாள் இம்மாத்திரை போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மடை சிறிது மூடினாலும் ஆற்றில் நீர் இருக்கிறது. சித்திரை வெயிலில் நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் கரும்பு வெட்டுகிறவன் கதை வேறு. அவனுக்கு டன் கணக்கில் கூலி. தண்ணீர் குடிக்க நின்றால் கூலி குறையும். நடவுப் பெண்கள் தண்ணீர் குடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. வயல்வெளியில் ஒதுங்க மறைவிடமில்லை. ஆகையால் காலை முதல் மாலை வரை தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். இதை நாகரிகம் கருதிப் பத்திரிகைகள் எழுதுவதில்லை, நாம் எழுதுகிறோம். வற்றிப்போன உடம்பில் மடையையும் மூடினால் பயிர் என்னாகும் என்பதை வீராணத்துப் பாசனக்காரருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு சாராரும் உண்டு. ரத்த அழுத்தத்திற்கு எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரையையும், கால் வீக்கத்திற்கோ அழுத்தத்திற்கோ 'நீர் மாத்திரை'யையும் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். அவை நல்ல மருந்துகள். முதலிற் சொன்னவை பலருக்குச் சிறுநீரகத்தைக் காக்கவும் செய்கின்றன. அவற்றை யாரும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஆனால் அவ்விரண்டோடு முழங்கால் வலிக்கென்று கடை மாத்திரை மூன்றாவதாகச் சேரும்போது, சிறுநீரகம் சில நாட்களிலேயே திடீரென்று வேலைநிறுத்தம் செய்துவிடக்கூடும். மூன்றையும் எழுதியவர் ஒருவராக இருந்தால் கவனித்திருப்பார். இங்கே இரண்டை எழுதியவர் டாக்டர்; மூன்றாவதைக் கொடுத்தவர் கடைப் பையன். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. வெள்ளத்திற்குப் பின் வருகிற எலிக்காய்ச்சலிலும் டெங்குவிலும் இதே கதைதான். காய்ச்சலே சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கையில், மேல்வலிக்கென்று போடும் மாத்திரை அந்தத் தாக்குதலுக்குத் துணைப்படையாகப் போய்ச் சேர்கிறது.

கேஸ் மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது. ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் முதலியவை சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும் என்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆண்டுக்கணக்காக விழுங்குகிறவர்களிடம் நாட்பட்ட சிறுநீரக வியாதி அதிகமாகக் காணப்படுகிறதென்று 2016-லேயே அமெரிக்க வைத்திய சஞ்சிகை எழுதிற்று. மருந்தே காரணமா, உடன் வருகிற வேறொன்றா என்பது விவாதத்தில் இருக்கிறது. காலையில் காப்பிக்கு முன் இதை விழுங்கும் பழக்கம் கூலிக்காரரிடம் மட்டும் இல்லை. இப்பத்தியைப் படிக்கிற கனவான்கள் தங்கள் சட்டைப்பையையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

நமது மாகாணத்தில் இவ்வியாதி எவ்வளவு பரவியிருக்கிறதென்பது வெகுநாள் ஊகமாகவே இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சிறுநீரக வைத்தியர்கள் 2023-ல் தமிழ்நாடெங்கும் 3,350 விவசாயத் தொழிலாளரைப் பரிசோதித்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஐவருக்கு மேல் நாட்பட்ட சிறுநீரக வியாதி. அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் முதலிய வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் உழைப்பதே பெருங்காரணமாயிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையில் அனுராதபுரம் பக்கத்து நெல்வயல்களிலும், ஆந்திரத்தில் உத்தானம் பிரதேசத்திலும் இதே மாதிரியான வியாதி உழைப்பாளிகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. வலி மாத்திரைதான் இதற்கு வேர் என்று யாரும் நிரூபிக்கவில்லை, நாமும் சொல்லவில்லை. வெயிலால் ஏற்கெனவே நொந்துபோன சிறுநீரகத்தின்மேல் தினந்தோறும் விழுகிற கூடுதல் அடி அது என்பதே நமது வாதம். வெயிலைத் தணிக்கச் சர்க்காராலும் ஆகாது. மாத்திரையை ஒழுங்குபடுத்த ஆகும்.

ஆகுமா என்று ஐயுறுவோர் ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். யுத்தத்திற்குப் பின் அந்நாட்டில் ஆஸ்பிரின், ஃபினாசிடின், காஃபின் மூன்றும் கலந்த தலைவலித் தூள் மளிகைக் கடைகளிலெல்லாம் விற்றது. நம் பெரியவர்களுக்கு இது புதிதன்று, ஏ.பி.சி. மாத்திரை என்று இங்கேயும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொடுத்த சரக்குதான். வீட்டுப் பெண்களும் ஆலைத் தொழிலாளரும் தேநீரோடு தினம் இரண்டு மூன்று பொட்டலம் போட்டுக்கொண்டார்கள். 1953-லேயே சுவிட்சர்லாந்தில் ஸ்பூலர், ஸோலிங்கர் என்ற இரு வைத்தியர்கள் இவ்வகைத் தூளுக்கும் சிறுநீரகச் சிதைவுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னைச் சேர்ந்த பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற பெண் வைத்தியர் பல வருஷங்கள் ஓயாது போராடினார். தூள் கம்பெனிகள் பணபலத்தோடு எதிர்த்தன. முடிவில் 1979-ல் அக்கலவை மருந்துகளைச் சீட்டின்றி விற்பது தடுக்கப்பட்டது. அதன்பின் அவ்வகைச் சிறுநீரகச் சிதைவோடு புதிதாக வரும் நோயாளிகள் அங்கே ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போனார்கள். டயாலிசிஸ் யந்திரம் வாங்கியதால் குறையவில்லை. கடை விற்பனையை அடக்கியதால் குறைந்தார்கள். மந்திரிகள் டயாலிசிஸ் நிலையம் திறந்து வைத்து நாடாவை வெட்டும்போதெல்லாம் இது நமது நினைவுக்கு வருகிறது. நிலையம் வேண்டாமென்று சொல்லவில்லை. அதைத் திறப்பதோடு கடமை தீர்ந்ததென்று நினைப்பதைத்தான் குறை கூறுகிறோம்.

நம்மிடம் சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1930-ல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு கமிட்டி உட்கார்ந்து, இந்நாட்டுச் சந்தையில் புழங்கிய கலப்பட மருந்துகளை விசாரித்தது. அதன் பயனாக 1940-ல் மருந்துச் சட்டமும், 1945-ல் விதிகளும் வந்தன. இவ்விதிகளில் 'எச்' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் கண்ட மருந்துகளைப் பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு இல்லாமல் சில்லறையாக விற்கக் கூடாது. டைக்ளோஃபினாக் அந்த அட்டவணையில் இருக்கிறது. விதியை மீறிய கடையின் லைசென்சை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ 66-ஆம் விதி அதிகாரம் கொடுக்கிறது. அன்னியன் ஆண்டபோது போட்ட சட்டத்தைச் சுதந்திர இந்தியா தன் சொந்தச் சட்டமாக ஏற்று எத்தனையோ முறை திருத்தியாயிற்று. அலமாரியில் அழகாக இருக்கிறது. சிதம்பரம் கடைத்தெருவுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

பட்டையின் பின்புறத்தில் ஓர் எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கிறது. சிவப்புக் கோடு, சிவப்புக் கட்டம், அதற்குள் பொடி எழுத்தில் டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற வாசகம். எந்தப் பாஷையில்? பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே. நாமும் ஆங்கிலம் படித்தவர்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி இருமுறை முயன்றபின் அந்த வாசகத்தைப் படித்தோம். நாற்று நடுகிறவள் எப்படிப் படிப்பாள்? தமிழ் ஆட்சிமொழி என்று 1956-லேயே சட்டம் செய்த நாட்டில், தமிழச்சி வாயில் போடுகிற விஷயத்தைப் பற்றிய எச்சரிக்கை தமிழில் இல்லை. பலகைகளில் தமிழ் வேண்டுமென்று தார்ச்சட்டியைத் தூக்கிப் போராடியவர்கள் நமது வாசகர்களில் பலர். ரயில் நிலையப் பலகையைவிட மாத்திரைப் பட்டை சின்னதுதான். அதனால் வருகிற கேடு சின்னதன்று.

இங்கே ஒரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். கடலூரிலிருந்து வடக்கே போனால் புதுச்சேரியைத் தாண்டியதும் காலாப்பட்டு. அங்கே ஐபுப்ரோஃபென் மூலச்சரக்கு உற்பத்தியாகி வெளிதேசங்களுக்கெல்லாம் போகிறது. அமெரிக்காவிலும் அம்மருந்தைச் சீட்டில்லாமலே வாங்கலாம். ஆனால் அங்கே விற்கிற டப்பாவின்மேல், சிறுநீரக வியாதியோ ரத்த அழுத்தமோ உள்ளவரும், நீர் மாத்திரை சாப்பிடுகிறவரும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாமென்றும், வலிக்குப் பத்து நாளுக்கு மேல் தொடர வேண்டாமென்றும் அந்நாட்டார் வாசிக்கும் பாஷையில், அவர்களுக்கு விளங்கும் விதத்தில் அச்சிட்டிருக்கிறது. சரக்கு நம் கரையில் ஆவது, எச்சரிக்கை அவர்களுக்கு. நமக்கு நறுக்கிய துண்டு.

பட்சிகளுக்குக் கிடைத்த நியாயமாவது நமக்குக் கிடைத்ததா என்று பார்ப்போம். இந்தியாவில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், 1990-க்குப் பின் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ஓர் இனம் நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்துபோயிற்று. 2004-ல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றிருக்கிறது. உடனே ஆராய்ச்சி, மாநாடு, முறையீடு. 2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான ஊசி மருந்தை மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அந்தச் சீசாவின் அளவே 3 மில்லியாகச் சுருக்கப்பட்டது. 2023-ல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்கு ஆகாதென்று தடை வந்தது. இவையனைத்தும் நல்ல காரியங்கள். நீலகிரி அடிவாரத்தில் மிஞ்சியிருக்கும் கழுகுகள் நீடு வாழட்டும். மனிதச் சிறுநீரகம் கழுகின் சிறுநீரகம் போல ஒரே வேளையில் சாவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறோம்: கழுகின் சிறுநீரகத்திற்காக இந்திய சர்க்கார் மூன்று முறை கையெழுத்துப் போட்டது. புவனகிரிக் கூலிக்காரனுக்காகப் புதிய கையெழுத்தே வேண்டாம். 1945-ல் போட்ட கையெழுத்தை மதித்தால் போதும். அதுவும் ஏன் நடக்கவில்லை?

மெதுவாக வருகிற மரணம் யாரையும் எழுப்புவதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறோம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. அக்குழந்தைகள் குடித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து நமது காஞ்சிபுரம் ஜில்லா சுங்குவார்சத்திரத்தில் ஆனது. டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் இருந்ததாகத் தமிழ்நாட்டுச் சர்க்காரின் சோதனைச்சாலையே கண்டது. நாடு கொதித்தது. முதலாளி கைதானார், லைசென்ஸ் ரத்தாயிற்று. இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தில் கலந்து நூறு பேருக்கு மேல் கொன்றது. அடுத்த ஆண்டே அந்நாடு மருந்துச் சட்டத்தைத் திருத்தி எழுதிற்று. 1986-ல் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் 14 பேர் அதற்குப் பலியானார்கள். நாம் ஒவ்வொரு முறையும் அழுதுவிட்டு மறந்தோம். அந்தக் குழந்தைகளின் சாவுக்குத் தேதி உண்டு, மருந்துக்குத் தொகுதி எண் உண்டு, தாய்மாரின் படம் உண்டு. பதினைந்து ஆண்டு மாத்திரை விழுங்கி நாற்பத்திரண்டு வயதில் படுப்பவனுக்கு இவை ஒன்றும் இல்லை. அவன் விழுங்கியது கலப்படமுமன்று, அசல் சரக்கு. யாரைக் கைது செய்வது?

கடைக்காரர் தரப்பையும் நாம் கேட்டிருக்கிறோம். "ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுக்கு அரை நாள் கூலி போகிறது. அவள் வயலிலிருந்து வருகிற நேரத்தில் அங்கே டாக்டர் கிடையாது. நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவாள்" என்றார் ஒருவர். இதில் உண்மை இருக்கிறது. கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமன்று. ஏழைக்கு வைத்தியன் கடைக்காரனே என்ற நிலையை உண்டாக்கியது சர்க்கார். அதில் லாபம் பார்த்தது வியாபாரம். ஆனால் "அடுத்த கடையில் வாங்குவாள்" என்ற வாதத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்காது. மருந்தாளுநர் படித்துப் பட்டம் பெற்றவர். சுவரில் அவர் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாயா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று இரண்டு கேள்வி கேட்கவும், சாதாரண உடம்பு வலிக்கு அளவோடு பாராசிட்டமால் போதும், அது சிறுநீரகத்திற்கு இவ்வளவு கெடுதலன்று என்று சொல்லவும் அவருக்கு எத்தனை நிமிஷம் பிடிக்கும்? பல கடைகளில் சான்றிதழ் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இங்கிலீஷ் மருந்தே விஷம், நாட்டு மருந்துக்குத் திரும்புவோம் என்று சில தேசபக்தர்கள் கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் சித்த வைத்தியத்தை இகழ்கிறவரல்லர். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் வண்டி போட்டு விற்கிற மூட்டுவலி லேகியத்தில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. ஸ்டீராய்டும் ஈயமும் இவ்வகைச் சரக்குகளில் அகப்பட்டதுண்டு. பெருமருந்துக் கொடி, ஆடுதீண்டாப்பாளை இவற்றின் இனத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிப் புற்றையும் வரவழைக்கும் என்பது பெல்ஜியத்தில் உடல் மெலியப் பச்சிலை மாத்திரை தின்ற பெண்கள் கெட்ட பிறகு, 1993-ல் உலகத்திற்கு வெளிப்பட்டது. சிதம்பரத்திற்குப் பெயர் தந்த தில்லை மரத்தையே பாருங்கள். பிச்சாவரத்துக்காரர் அதன் பாலுக்கு அஞ்சுவர். கண்ணில் பட்டால் பார்வை மங்கும். அம்மரம் நாட்டு வைத்தியத்தில் மருந்தும் ஆகும். சுதேசி விஷமும் விஷந்தான்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறோம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் நடவு, அறுவடை, கரும்பு வெட்டுக் காலங்களிலாவது மாலை எட்டு மணி வரை டாக்டரோடு திறந்திருக்க வேண்டும். இது நடக்காமல் கடையை மட்டும் அடைத்தால் ஏழைக்கு வலிதான் மிஞ்சும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு வீடாக ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே யார் யார் அம்மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற பெயர்ப்பட்டியல் சர்க்கார் கையில் இருக்கிறது. கடை வலி மாத்திரை சாப்பிடுவதுண்டா என்ற ஒரு கேள்வியை அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கும் சோதனையை நாற்பது வயது தாண்டிய வயல் கூலிகள் எல்லாருக்கும் ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. வெயிலாலும் வலி மாத்திரையாலும் வருகிற சேதத்தில் புரதம் பெரும்பாலும் வெகு காலத்திற்குத் தலைகாட்டாது. சிறுநீர் சுத்தம் என்று சீட்டு வாங்கிக்கொண்டு போனவன் மூன்று வருஷத்தில் டயாலிசிஸ் கட்டிலுக்கு வருவான். அறிகுறியை நம்பியும் பயனில்லை. பாதிக்கு மேல் கெடும்வரை இவ்வவயவம் வாய் திறப்பதில்லை.

பட்டையில் தமிழ் எச்சரிக்கை என்பது டில்லியின் அதிகாரத்தில் இருக்கிறது. நமது அங்கத்தினர்கள் பார்லிமெண்டில் கேட்கட்டும். அதுவரை கடையில் தமிழ்ப் பலகை வைக்கும்படி மாகாணச் சர்க்கார் உத்தரவு போடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

நமது வாசகர்களில் அரசியல் ஊழியர்கள் அதிகம். அவர்களுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. கிராம சபைகள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 தேதிகளில் கூடுகின்றன. குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குறிஞ்சிப்பாடி ஒன்றியங்களில் அடுத்து வருகிற சபையில், சீட்டின்றி 'செட்' விற்கக் கூடாதென்றும், வேலைத் தளத்தில் குடிநீரும் பெண்களுக்கு மறைவிடமும் வேண்டுமென்றும் தீர்மானம் கொண்டு வாருங்கள். சபைக்குப் போகும் முன் ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் எத்தனை பேர், அவர்கள் என்ன வேலை செய்தார்கள், என்ன மாத்திரை விழுங்கினார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கட்சி பேதம் இதில் தேவையில்லை. பெயர்களை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், எண்ணிக்கை போதும்.

நாமும் சும்மா இருக்கவில்லை. கடலூர் ஜில்லாவில் கடந்த ஐந்து ஆண்டுகளில் 'எச்' அட்டவணை மருந்தைச் சீட்டில்லாமல் விற்றதற்காக எத்தனை கடைகளின் லைசென்ஸ் 66-ஆம் விதியின்படி நிறுத்தப்பட்டது, எத்தனை ரத்தாயிற்று, மருந்து இன்ஸ்பெக்டர்கள் எத்தனை முறை சோதனைக்குப் போனார்கள் என்று கேட்டு, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு மனு அனுப்பியிருக்கிறோம். சட்டப்படி முப்பது நாளில் பதில் வரவேண்டும். வந்தால் பதிலும், வராவிட்டால் வரவில்லை என்பதும் இதே பத்தியில் பிரசுரமாகும்.